மாதங்கியின் செவிவரிசை

இறந்த மனைவியின் கண்களைக் கேட்டபோது விசாகன் யோசிக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே கையெழுத்துப் போட்டான். பிறவியிலிருந்து பார்வை இல்லாத பெண்ணின் கண் யாருக்கு ஆகும் என்று மாமனார் கேட்டார். கோளாறு நரம்பில்தான், கருவிழி நன்றாக இருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். மாதங்கியின் கருவிழிகள் அன்றே எங்கேயோ போயின. யாருக்கு என்று விசாகன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று பிறகும் தோன்றவில்லை. காய்ச்சல் என்று சேர்த்தவளே போய்விட்டாள். அதற்கு மேல் எதைக் கொடுத்தால் என்ன என்றிருந்தான்.

அந்த மரத்துப்போன நிலை எட்டு மாதம் நீடித்தது. அதைக் கலைத்தது ஒரு வாரப் பத்திரிகைக் கதை.

கோவையில் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் தரப் பரிசோதகன். மதியம் கேன்டீன் மேசையில் யாரோ விட்டுப்போன பத்திரிகையைச் சாப்பிட்டுக்கொண்டே புரட்டினான். ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு வடக்கே போன ஆட்களின் கதை. இரண்டாம் பத்தியில் ஒரு வரி இருந்தது. 'அந்த வீட்டில் பேச்சு தேய்மானம் கண்டிருந்தது.'

தட்டை ஒதுக்கிவிட்டு அந்த வரியை மறுபடி வாசித்தான்.

அந்தச் சொல் அவன் வீட்டில் பிறந்தது. மாதங்கி ஆங்கில நாவல்களைத் தமிழில் மொழிபெயர்த்தவள். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளைக் காதில் மாட்டிக்கொண்டு, விடிந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஏதாவது ஒரு சொல்லில் முட்டி நின்றால் சுவரைத் தாண்டிக் குரல் வரும். "விசா, குறைஞ்சுபோச்சுங்கறதுக்கு வேற சொல்லு." அவன் தேங்காய் துருவிக்கொண்டோ சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டோ வாய்க்கு வந்ததைச் சொல்வான். லேத்துப் பட்டறைக்காரரின் மகனான அவன் வாய்க்குப் பட்டறைதான் வந்தது. தேய்மானம், பிசிறு, கசிவு, இறுக்கம். அவள் சிரிப்பாள். பிறகு விசைகளைத் தட்டும் சத்தம் கேட்கும். அவன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் வரைக்கும் இது நடக்கும்.

அந்தப் புத்தகங்களெல்லாம் அச்சாகி அலமாரியில் இருந்தன. ஒன்றைக்கூட அவன் பிரித்ததில்லை. வீட்டிலேயே கேட்டதுதானே என்ற நினைப்பு.

நடுவில் ஒரு முறை அவனுக்கு வயிறு எரிந்தது உண்டு. எழுதும் மென்பொருளில் ஒத்தசொல் பட்டியல் எப்போதுமே இருந்தது. ஷிஃப்டையும் எஃப் ஏழையும் சேர்த்து அழுத்தினால் வரும். கீழம்புக்குறியை அழுத்த அழுத்த ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழும். அகராதிக்காரன் அடுக்கிய வரிசை என்பதால் அவள் அதை அதிகம் சட்டை செய்யவில்லை. பிறகு செவிவரிசை என்று ஒன்று வந்தது. எழுதுபவரின் காதைப் பழகிக்கொண்டு, அவருக்குப் பிடிக்கும் சொல்லை முதலில் சொல்லும் பட்டியல். அது வந்த வாரம் விசாகன் முகம் கொடுத்துப் பேசவில்லை. இனி நம்மை எங்கே கூப்பிடப் போகிறாள் என்றிருந்தான். அவளோ கூப்பிட்டாள். முன்பைவிட ஒன்றிரண்டு கூடுதலாகவே கூப்பிட்டாள். மிஷின் நம்மிடம் தோற்றுவிட்டது என்று அவன் கம்பெனியில் சொல்லிச் சிரித்தான்.

பத்திரிகைக் கதையில் இன்னும் இருந்தன. 'பிசிறு தட்டிய வெயில்.' 'கசிந்துகொண்டே இருந்த கோபம்.' ஒவ்வொன்றும் எந்த நாள், எந்தக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த நாள் என்றுகூட அவனால் சொல்ல முடிந்தது. கதையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: 'மாதங்கியின் செவிக்கு நன்றி. அர்த்தநாரி, திருச்செங்கோடு.'

ஆண் பெயர். அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

செவிவரிசையை நடத்தும் அமைப்பு சென்னையில் இருந்தது. அங்கே நிலோஃபர் என்ற பொறியாளர் தொலைபேசியில் பேசினாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்திருப்பாள் போல. அவன் கத்தவில்லை. என் மனைவியின் சொற்கள் திருச்செங்கோட்டுக்கு எப்படிப் போயின என்று மட்டும் கேட்டான்.

"கண்ணுக்குப் பத்து சொல் ஒரே பார்வையில தெரியும் சார்," என்றாள் நிலோஃபர். "காதுக்கு ஒண்ணொண்ணாதான் வரும். ஏழாவது வர்றதுக்குள்ள முதல் சொல் மறந்துடும். அதனால எதை எடுப்பாங்களோ அது முதல்ல வரணும்."

"எதை எடுப்பாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"விரல் எதுல நிக்குது, எதைத் தாண்டுது, எல்லாம் கத்துக்கும். பட்டியல்ல இல்லாம அவங்களா தட்டின சொல்லையும் சேர்த்துக்கும். அதை வச்சிருந்தா மேல ஏறும், எடுத்துட்டா கீழ இறங்கும். வருஷம் ஆக ஆக அது கைரேகை மாதிரி சார். ஒருத்தரோடது இன்னொருத்தருக்கு இருக்காது."

"அப்புறம் எதுக்கு இன்னொருத்தருக்குக் குடுத்தீங்க?"

நிலோஃபர் விளக்கினாள். புதிதாகப் பார்வை இழந்தவர்கள் வெறும் பட்டியலோடு ஆரம்பித்தால் பழக வருஷக்கணக்காகும், பாதிப் பேர் எழுதுவதையே விட்டுவிடுவார்கள். பழுத்த வரிசை ஒன்று கிடைத்தால் ஒரே மாதத்தில் எழுத வந்துவிடுவார்கள். கண்தானம் போல இதற்கும் செவிதானம் என்று ஒன்று உண்டு. மாதங்கி தானே பேசி, தன் சம்மதத்தைப் பதிவு செய்திருக்கிறாள். தானமாகப் போன வரிசை மாறாது. அவள் விட்டுப்போனபடியே இருக்கும்.

"எங்கிட்ட சொல்லல," என்றான் விசாகன்.



மாதங்கியின் குரல் அந்த ஆளுக்குக் கேட்குமா என்று விசாரித்தான். கேட்காது, வரிசை மட்டும்தான் என்றாள். குரலாக இருந்திருந்தால் கொடுத்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. குரலைப் பால்காரர்கூடக் கேட்டிருக்கிறார். எந்தச் சொல்லில் அவள் தயங்குவாள், எதற்குத் தலையாட்டுவாள் என்பது அவன் ஒருவனுக்கே தெரிந்த சங்கதி. அதை இப்போது முன்பின் தெரியாத ஒருத்தன் நாள் முழுக்கக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

திரும்ப எடுத்துக்கொள்ள வழி இருந்தது. இறந்து ஒரு வருஷத்துக்குள் நெருங்கிய உறவினர் கேட்டால் அந்த ஆளின் கணினியிலிருந்து வரிசை அழிந்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை. எடுப்பதற்கு முன் அவரை நேரில் போய்ப் பார்த்து, அவர் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கோபத்தில் கேட்டுவிட்டுப் பிறகு அழுதவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விசாகன் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினான். வழி நெடுக என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தான். ஊருக்குள் நுழையும்போது சாலையோரம் போர்வெல் லாரிகள் குழாய்களைச் சுமந்துகொண்டு வரிசையாக நின்றன. ஒத்திகை பார்த்ததெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. எடுத்துவிட வேண்டும் என்பது மட்டும் மிஞ்சியது.

மாடிவீடு. கதவைத் திறந்தவள் அர்த்தநாரியின் மனைவி கோகிலா. அவர் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. விசாகனை உட்காரச் சொல்லாமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"நீங்க அந்தக்காவோட வூட்டுக்காரருங்களா?"

"ஆமா."

"எடுத்துட்டுப் போகத்தானுங்களே வந்திருக்கீங்க?"

விசாகன் சங்கடமாகத் தலையாட்டினான். கணவனுக்காகக் கெஞ்சப் போகிறாள் என்று நினைத்தான்.

"எடுத்துட்டுப் போயிருங்க," என்றாள் கோகிலா. "நாஞ் சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. கேட்டா சிரிப்பீங்க. செத்துப்போனவங்க மேல எனக்குப் பொறாமைங்க."

விசாகன் சிரிக்கவில்லை. அவளுக்கு அது தைரியம் கொடுத்திருக்க வேண்டும்.

"கண்ணு போன புதுசுல எல்லாத்துக்கும் என்னயத்தான் கூப்புடுவாரு. பனியன் எது, மணி எத்தன, இந்தச் சொல்லுக்கு வேற என்ன புள்ள சொல்றது. நானும் எனக்குத் தெரிஞ்சதச் சொல்லுவேன். இப்பத்தான் அந்தக்கா வந்துட்டாங்களே. ஒருக்காக்கூடக் கூப்புடறதில்லீங்க. சோத்துக்குக்கூட நாந்தான் போயி நிக்கோணும். பக்கத்து ரூமுல ரெண்டு பேரு இருக்கறாப்பல இருக்குதுங்க, நாம்மட்டும் வெளிய."

விசாகனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இத்தனை நாளில் அவன் மனதில் இருந்ததை அவனைவிடச் சரியாகச் சொன்ன முதல் ஆள். தவிர, இப்போது அவனிடம் நியாயமான காரணமும் ஒன்று இருந்தது. தனக்காக எடுக்கவில்லை, ஒரு குடும்பத்துக்காக எடுக்கிறான்.

அர்த்தநாரி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். முப்பத்தைந்துக்குள் இருக்கும். நல்ல உயரம், நெற்றியில் பொடிப்பொடியாகத் தழும்பு. வந்த வேகத்தில் கையை நீட்டினான். அது விசாகனுக்கு ஒரு முழம் இடதுபுறமாக நீண்டது.

"அங்கதான இருக்கீங்க? ஒக்காருங்க. சேர்ல துணி கெடந்தா எடுத்து வீசிருங்க. நான் பாத்தா பாக்கப் போறேன்," என்று தானே சிரித்தான்.

ரிக் என்கிற போர்வெல் லாரியில் பத்து வருஷம் வேலை செய்தவன். மத்தியப் பிரதேசத்தில் ஒரு கிராமத்தில் கம்ப்ரசர் குழாய் வெடித்துக் கல்லும் காற்றும் முகத்தில் அடித்ததில் பார்வை போனது. அதைச் சினிமாக் கதை சொல்வது போலச் சொன்னான். ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது என்று காட்டியவன் இப்போது எதிரில் இருக்கும் டம்ளரைத் தேடுகிறேன் என்றான். கோகிலா அந்த டம்ளரை அவன் கைக்கு நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"உங்க வூட்டம்மா ரொம்பக் கறாருங்க," என்றான் அர்த்தநாரி.

விசாகனின் காது சூடேறியது. "நீங்க அவளப் பாத்ததே இல்ல."

"பாக்காட்டி என்னங்க. ஒருத்தரு எதையெல்லாம் வேண்டாம்னு தள்ளறாங்கன்னு தெரிஞ்சா ஆளத் தெரிஞ்ச மாதிரிதானுங்களே. இருங்க, போட்டுக் காட்டறேன்."

ஹெட்ஃபோனைக் கழற்றி ஒலிபெருக்கியில் விட்டான். பாதி எழுதிய கதை ஒன்று திறந்திருந்தது. விசாகனுக்குப் புரிவதற்காக வாசிக்கும் வேகத்தைக் குறைத்தான். 'குறைந்தது' என்ற சொல்லில் நின்று விசைகளை அழுத்தினான். உணர்ச்சியில்லாத இயந்திரக் குரல் ஒவ்வொன்றாகச் சொன்னது.

"அருகியது. மெலிந்தது. வற்றியது. ஒடுங்கியது."

"இதெல்லாம் அந்தம்மா," என்றான் அர்த்தநாரி. "சொல்லு ஒவ்வொண்ணும் தங்கம். ஆனா என்ர கையில நிக்க மாட்டீங்குதுங்க, வழுக்குது. ரிக்குல நின்னவன் 'அருகியது'ன்னு எழுதுனா எங்காளுக என்னைய ஊருக்குள்ள வுடமாட்டாங்க. அதனால நான் மேல நிக்கறதே இல்ல. எண்டு பொத்தான அமுக்கி நேரா அடிக்குப் போயிருவேன். போரு போட்ட பழக்கம்."

விசாகன் தடுமாறினான். "அடியில இருக்கறதும் அவளுதுதானே?"

"அங்கதான் சங்கதியே இருக்குது." அர்த்தநாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். ஊர் வம்பு பேசும் சுகம் அவன் முகத்தில் இருந்தது. "அடியில வேறொருத்தரு இருக்காருங்க. ஆம்பள. லேத்துப் பட்டறையில நின்னவரு மாதிரி இருக்கு. எனக்கு அவருகூடத்தான் ஒத்துப்போகுது. கேளுங்க."

எண்டை அழுத்தினான்.

"தேய்மானம் கண்டது. சேர்த்து நீக்கியது," என்று சொல்லையும் அதன் மேல் இருந்த குறிப்பையும் சொன்னது குரல்.

மேலம்பு. "காற்று இறங்கியது. சேர்த்து நீக்கியது."

மேலம்பு. "மட்டம் தாழ்ந்தது. சேர்த்து நீக்கியது."

அர்த்தநாரி வேறொரு வரிக்குப் போனான். கடுமையான வெயில் என்று இருந்தது. பட்டியலைத் திறந்து மறுபடியும் அடிக்குப் போனான். "பிசிறு தட்டியது. சேர்த்து நீக்கியது." இன்னொரு வரி. "கசிந்தது. சேர்த்து நீக்கியது." ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் விசாகன் நின்றுகொண்டிருந்தான்.

விசாகனுக்குத் தேங்காய் துருவிய வாசனை வந்தது. அவன் சொல்கிறான், அவள் சிரிக்கிறாள், தட்டுகிறாள். அவன் பஸ்ஸுக்கு ஓடுகிறான். அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை இப்போதுதான் கேட்கிறான்.

"யாரோ பக்கத்துல இருந்து சொல்லிக் குடுத்திருக்காங்க," என்று அர்த்தநாரி தொடர்ந்தான். "அந்தம்மா மரியாதைக்கு அவரு காதுல விழுகற மாதிரி அடிச்சுப்போட்டு, ஆளு அந்தப்பக்கம் போனதும் எடுத்திருக்காங்க. ஒண்ணு பாக்கி இல்லாம அத்தனையும். பாவம், அந்த மனுசனுக்குத் தெரியவே தெரியாது. ஏனுங்க, அவரு யாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? அடுத்த கதைக்கு அவரு பேரும் சேத்து நன்றி போடோணும்."

"தெரியும்," என்றான் விசாகன். "எங்க கம்பெனியிலதான் இருக்காரு. சொல்லிடறேன்."

"சொல்லுங்க, சொல்லுங்க. அவரில்லாட்டி நான் எழுதியிருக்க மாட்டேன்."

விசாகன் மேலே இருந்ததை மறுபடி ஒரு முறை போடச் சொன்னான். "அருகியது," என்றது குரல். ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தச் சொல்லை அவள் வாயால் அவன் கேட்டதில்லை. அந்தப் பெண்ணோடு அவனுக்கு அறிமுகமே இல்லை. அவளை அறிந்திருந்தவன் அவள் முகத்தைக்கூடப் பார்க்காத இந்த ஆள்தான்.

அர்த்தநாரி ஒலிபெருக்கியை அணைத்தான். விளையாட்டுப் பேச்சும் அதோடு நின்றது.

"எடுக்கத்தான் வந்தீங்கன்னு மெட்ராஸ் மேடம் சொல்லிட்டாங்க. உங்க பொருளு, நான் ஒண்ணும் சொல்லறதுக்கில்ல. எடுத்தா நான் மறுக்காவும் ஆனா ஆவன்னாவுல நிக்கோணும், அவ்வளவுதான். இந்தக் கதை பாதியில கெடக்குது. முடியுமட்டும் உடுவீங்களான்னு கேக்கலாம்னு இருந்தேன்."

அவன் கை மேசையில் எதையோ தேடுவது போல நகர்ந்துகொண்டே இருந்தது.

விசாகன் எழுந்து ஜன்னலருகே போய் நின்றான். எடுத்தால் மேலே இருப்பதும் போகும், கீழே இருப்பதும் போகும். மேலே இருப்பவள் புத்தகங்களில் இருக்கிறாள். கீழே இருப்பவனுக்கு இந்த மேசையை விட்டால் போக்கிடம் கிடையாது. மாதங்கி ஒதுக்கியதையெல்லாம் ஒருத்தன் ஆசையாகப் பொறுக்கி அச்சில் ஏற்றியிருக்கிறான். அவன்மேல்தான் எட்டு நாளாகப் பொறாமைப்பட்டு வெந்திருக்கிறோம்.

நிலோஃபரைக் கூப்பிட்டான். "இருக்கட்டும் மேடம். எடுக்க வேண்டாம்."

"நல்லா யோசிச்சீங்களா சார்? ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியாது."

"யோசிச்சாச்சு."

அர்த்தநாரி எழுந்தான். கையை நீட்டினான். இந்த முறை விசாகன் நகர்ந்துபோய் அதைப் பிடித்துக்கொண்டான்.

கோகிலா படிவரைக்கும் வந்தாள். வழியனுப்ப வந்த முகமாக அது இல்லை.

"எடுக்கறேன்னுட்டுத்தானுங்களே வந்தீங்க?"

"வந்தேன்."

"அப்பறம் என்னாச்சுங்க? அவரு ரெண்டு வார்த்த பேசுனதும் எரங்கிட்டீங்களா? எனக்கு இனி யாரு இருக்கறா சொல்றதுக்கு?"

விசாகன் அர்த்தநாரியிடம் சொல்லாததை அவளிடம் சொன்னான். உங்கள் வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருப்பது மாதங்கியோடு இல்லை, பட்டியலின் அடியில் இருக்கும் ஆளோடு. அந்த ஆள் நான்தான். நான் சொன்னதையெல்லாம் அவள் அடித்துவிட்டு, நான் போனதும் எடுத்துவிட்டிருக்கிறாள். அவன் குரல் கணக்குச் சொல்வது போலத் தட்டையாக இருந்தது. அவள் சமாதானம் ஆவாள், ஒருவேளை சிரிக்கக்கூடச் செய்வாள் என்று நினைத்தான்.

கோகிலா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று யோசித்தாள்.

"அந்தப் பட்டியலு வந்த பொறவும் உங்களக் கூப்புட்டாங்களா?"

"கூப்பிட்டா."

"நீங்க சொல்லறது ஆவாதுன்னு அவங்களுக்குத் தெரியுமுங்களே."

"தெரிஞ்சிருக்கணும்."

"வேணுங்கற சொல்லு விரலுக்கடியிலயே இருந்துமா?"

அவன் அதை அந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கவில்லை.

"எது வரைக்குமுங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக் காலையில வரைக்கும்."

உள்ளே அர்த்தநாரியின் விரல்கள் விசைகளில் ஓட ஆரம்பித்திருந்தன. கோகிலா ஒரு கணம் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பிறகு விசாகனை நிமிர்ந்து பார்த்தாள். பரிதாபப்படுகிறாள் என்றுதான் அவன் முதலில் எண்ணினான். பிறகு புரிந்தது. அந்தப் பார்வை அவனுக்கு அந்நியமானதல்ல. பத்திரிகைக் கதையின் அடியில் அர்த்தநாரியின் பெயரை அவன் பார்த்த பார்வையும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"குடுத்து வெச்சவருங்க நீங்க," என்றாள்.

வாழ்த்துகிற குரலில் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிட்டுதுங்க என்று சொல்லிவிட்டு, அவன் முதல் படியில் கால் வைப்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டாள்.